மஞ்சள் உள்ளங்கை

இஸ்ஃபரா,
9 நவம்பர் 1999

முனீராவின் அப்பாவுக்கு, ஸெபுனிஸோ சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பாதி நலம். மீதியைக் கடைசியில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதத்தையும் போட்டோவையும் ரயில் கண்டக்டர் ஷரீஃப் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு கிண்ணம் தேநீர் குடித்து, ரஷ்யாவின் குளிரை முக்கால் மணி நேரம் வர்ணித்தார்.

போட்டோவை எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பாதி கட்டின சுவருக்கு முன்னால் நீங்களும் உங்களோடு தங்கியிருக்கிற ஸத்தோரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். இளைத்துவிட்டீர்கள். ஆனால் நிறம் ஏறியிருக்கிறது. பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கை ஓய்ஜமோல் பார்த்துவிட்டு, "அண்ணனும் அங்க கேரட் சாறு குடிக்கிறானா, அண்ணி?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது பின்னால் புரியும்.

எண்ணெய் காய்கிற வாசனை வந்தாலே குமட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸத்தோர் செய்கிற புலாவ் என்றால் எனக்கும் குமட்டத்தான் செய்யும். அங்கே தண்ணீரெல்லாம் துரு, குடிப்பது ஒரு நிறம், வெளியே போவது கடுந்தேநீர் நிறம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டின பெண்டாட்டிக்கு எழுதுகிற சேதியா இது? முனீரா சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சிவந்து போனாள். சாயங்காலமானால் காலைத் தூக்க முடியவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. ஆட்டுவால் கொழுப்பை உருக்கி ஒரு ஜாடி கொடுத்தனுப்புகிறேன். தினமும் காலையில் ஒரு கரண்டி, சுடுதண்ணீரில் கலந்து குடியுங்கள். தெம்பு தானாக வரும். உலர்ந்த ஆப்ரிகாட் ஒரு பையும் வைத்திருக்கிறேன், நம் மரத்துப் பழம்தான்.

இனி மீதியைச் சொல்கிறேன்.

முனீராவுக்கு ரொட்டி முறித்து நிச்சயம் செய்த அன்று சம்பந்தியம்மா ஹம்ரோபீபீ என்ன சொன்னாள் என்று உங்களுக்கு நான் எழுதவில்லை. "பொண்ணு தங்கமான பொண்ணு. மொகத்துலதான் ரத்தமே இல்ல," என்றாள். பொய் சொல்லவில்லை. இரண்டு குளிர்காலம் ரொட்டியும் தேநீருமாகக் கழித்த முகம் வேறெப்படி இருக்கும்? கன்னத்தில் பொரிப்பொரியாக வேறு இருந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஓய்ஜமோல்தான் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்கிட்ட விடுங்க அண்ணி. வசந்தத்துல நவ்ரூஸ் கல்யாணத்துக்குள்ள பொண்ண ஆப்ரிகாட் பழமா ஆக்கிக் காட்டறேன்," என்றாள்.

அன்றிலிருந்து காலையில் சிவப்புக் கேரட் துருவிப் பிழிந்து, மேலே ஒரு கரண்டி பாலேடு விட்டு ஒரு பெரிய கிண்ணம். மத்தியானம் ஆப்ரிகாட் ஊறவைத்த தண்ணீர். சாயங்காலம் தந்தூர் அடுப்பில் சுட்ட பரங்கிக்காய். மரத்தில் குர்மோப் பழம் ஆரஞ்சு நிறத்தில் பழுத்ததும் அதில் நாளைக்கு நாலு. முதல் மாதத்திலேயே பொரியெல்லாம் உதிர்ந்து முகம் தெளிந்தது. கன்னத்தில் ஒரு நிறம் வந்து உட்கார்ந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் எல்லாம் என்ன பூசுகிறாள் என்று கேட்டார்கள். ஓய்ஜமோல் நடையே மாறிவிட்டது. என்னுடையதும்தான், மறைக்கவில்லை. நல்லதென்றால் இன்னும் கொஞ்சம் கொடுப்போம் என்று கிண்ணத்தைப் பெரிதாக்கினேன்.

போன வியாழக்கிழமை ஹம்ரோபீபீ கல்யாண உடுப்புக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். முனீரா நான் பழக்கியபடியே நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, கண்ணைத் தரையை விட்டு எடுக்காமல், தேநீரை ஊற்றி இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள். ஹம்ரோபீபீ கிண்ணத்தை வாங்கவில்லை. பெண்ணின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். வெங்காயத் தோலில் நூலுக்குச் சாயம் போட்டவள் கை மாதிரி, விரலிடுக்கெல்லாம் மஞ்சள்.

வயிறு சரியில்லை என்று சொல்லி ஹம்ரோபீபீ தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பைப் போடும்போது, "கையைக் கவனி," என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்த துணி மூட்டையைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நோயின் பெயரை எழுதக் கை வரவில்லை, உங்களுக்கே தெரியும். ஓய்ஜமோல் சொல்கிறாள், "உள்ள இருக்கற மஞ்சள இழுக்கணும்னா மஞ்சளாத்தான் குடுக்கணும் அண்ணி. சாறு ரெண்டு வேளை ஆக்குவோம்." அவளுடைய மாமியார் வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். மஞ்சள் தலைத்துணி கட்டி, கழுத்தில் அம்பர் மணி போட்டிருக்கிறோம். இங்குள்ள மருத்துவமனைக்குப் போகவில்லை. அங்கே நர்ஸ் ஹம்ரோபீபீயின் நாத்தனார் மகள். காலையில் போனால் மத்தியானத்துக்குள் ஊரே பேசும்.

பெண்ணுக்காக துவா செய்யுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஸெபுனிஸோ


இஸ்ஃபரா,
24 நவம்பர்

முனீராவின் அப்பாவுக்கு சலாம்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. ஷரீஃப் வெறுங்கையோடு வந்தார். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களாம், எழுப்ப வேண்டாமென்று ஸத்தோர் சொன்னாராம், ஜாடியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார். பட்டப்பகலில் என்ன தூக்கம்? வேலை இல்லாத நாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உங்களைப் பற்றி யோசிக்க எனக்கு இப்போது இடமில்லை, மன்னியுங்கள். தலை முழுவதும் முனீராதான்.

மஞ்சள் குறையவில்லை. ஏறிக்கொண்டே போகிறது. முதலில் உள்ளங்கை, பிறகு பாதம், இப்போது மூக்கோரத்திலும் வந்துவிட்டது. நாங்களும் விடாமல் கொடுக்கிறோம். கேரட் துருவித் துருவி என் விரலும் மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் என் மஞ்சள் போகிறது, அவளுடையது போகவில்லை.

உங்கள் மூத்த அண்ணன் மஹ்மதலியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் வெயில் வெயில் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார். அறுவடை முடியட்டும், டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் நாற்பது நாள் படுக்கையில் கிடந்து கண்ணை மூடினார். அவருடைய கிண்ணத்தையும் துணியையும் தனியாக வைத்துக் கழுவியவள் நான். ஆனால் அவர் முகத்தை நான் ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. கணவனின் மூத்தவர் முன்னால் நான் எப்படிக் கண்ணைத் தூக்குவேன்? கிண்ணத்தை நீட்டுகிற மஞ்சள் கை மட்டும்தான் எனக்குத் தெரியும். இப்போது முனீராவின் கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைதான் வந்து நிற்கிறது.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது ஒரு கிண்ணமும் கரண்டியும் தனியாகத் துணி போட்டு மூடியிருந்தது. என்னவென்று கேட்டேன். முனீரா, "பெரியப்பாவுக்கு நீங்க இப்படித்தானே வெச்சீங்க, அம்மா," என்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பத்து நாளாக அவளாகவே தனிக் கிண்ணத்தில் சாப்பிட்டு, தனியாகக் கழுவி வைத்திருக்கிறாள். ஒரே அறையில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. நான் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஹம்ரோபீபீ ஆள் அனுப்பினாள். மரியாதையாகத்தான் சொல்லியனுப்பினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம், இல்லையென்றால் பையனுக்கு வேறு இடம் பார்ப்பதைத் தப்பாக நினைக்கக் கூடாதாம். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. என் மகனாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கல்யாணம் போனால் போகட்டும். பெண் பிழைத்துக் கிடந்தால் போதும் என்கிற இடத்துக்கு நான் வந்துவிட்டேன்.

நாளைக்கு யாருக்கும் சொல்லாமல் கோனிபோதோம் போகிறோம். அங்கே சானியா என்று ஒரு தத்தார் டாக்டரம்மா இருக்கிறாராம். வாய் கொஞ்சம் கடுமை, கை ராசி என்கிறார்கள். டாக்டரிடம் போகாத வரைக்கும் அது வெறும் மஞ்சள்தான், போய்விட்டால் அதற்குப் பெயர் வந்துவிடும் என்று இத்தனை நாள் கோழையாக இருந்துவிட்டேன்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

உங்கள்,
ஸெபுனிஸோ


இஸ்ஃபரா,
27 நவம்பர்

முனீராவின் அப்பாவுக்கு,

முனீராவுக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் அவளைப் பற்றியது இல்லை. வேலையில் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து, முழுவதும் படியுங்கள்.

டாக்டரம்மா முனீராவின் கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவளை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய், "கண்ணத் தூக்கு," என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். "தரையில என்ன பாக்கறே? நான் ஒன்னோட மாமியாரா? மேல பாரு," என்று ஒரு அதட்டல் போட்டார். இவள் பார்த்தாள். அவர் கட்டைவிரலால் கீழ்இமையை இழுத்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உரித்த முட்டை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "நீ பொண்ணுக்குச் சாப்பாடு போடல, சாயம் போட்டிருக்கே. கேரட்டு, பரங்கி, ஆப்ரிகாட்டு எல்லாம் தோலுக்கு நல்லதுதான். மொகம் தெளிஞ்சது அதனாலதான். நீ அளவில்லாமக் குடுத்ததுல அந்த நிறம் தோலுக்கு அடியில போய்த் தங்கிடுச்சு. பாலேடு வேற விட்டியா, இன்னும் நல்லாப் பிடிச்சிடுச்சு. கிண்ணத்தச் சின்னதாக்கு, ரெண்டு மூணு மாசத்துல தானாப் போயிடும்," என்றார். உள்ளே போன மஞ்சளை எடுக்க நாங்கள் மேலும் மஞ்சளைக் கொடுத்த கதையைச் சொன்னபோது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு ஒன்று சொன்னார். "சாப்பாட்டு மஞ்சள் கையில வரும், பாதத்துல வரும், மூக்கோரத்துல வரும். கண்ணோட வெள்ளைக்குப் போகாது. காமாலை மொதல்ல கண்ணுலதான் தெரியும்." காகிதம் எழுதுவதற்கு முன்னால் சம்பிரதாயத்துக்குச் சில கேள்விகள் கேட்டார். பசி இருக்கிறதா? இருக்கிறது. எண்ணெய் வாசனைக்குக் குமட்டுகிறதா? இல்லை. நடந்தால் கால் சோர்கிறதா, பகலில் தூங்கித் தூங்கி விழுகிறாளா? இல்லை. சிறுநீர் கடுந்தேநீர் மாதிரி போகிறதா? இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். தலையாட்டும்போதே ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஹம்ரோபீபீ வீட்டுக்குத்தான் போனோம். காகிதத்தைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு மறுபடியும் முனீராவின் கையையே பார்த்தாள். நான் முனீராவிடம், "சம்பந்தியம்மாவக் கண்ணத் தூக்கிப் பாரு," என்றேன். பிறந்ததிலிருந்து வேண்டாம் என்று பழக்கியதை நானே உடைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஹம்ரோபீபீ கொஞ்ச நேரம் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மருமகளுக்கு இவ்வளவு பெரிய கண்ணுன்னு எங்கிட்ட யாருமே சொல்லலியே," என்று சொல்லிப் பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். துணி மூட்டை திரும்ப வந்தது. தேநீரும் குடித்தோம், எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

அங்கே அடுப்பில் புலாவுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. டாக்டரம்மா கேட்ட கேள்விகளை எல்லாம் நான் முன்பே படித்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் படித்தேன். பகல் தூக்கத்தை மட்டும் ஷரீஃப் சொன்னார், மற்றதெல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், ஸத்தோரின் சமையலைக் கேலி செய்தேன், உங்களுக்குக் கொழுப்பை உருக்கி அனுப்பினேன்.

வீட்டுக்கு ஓடிவந்து போட்டோவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். போட்டோவில் நிறம் மாறி விழும் என்று எனக்கும் தெரியும். அதனால் முதலில் ஸத்தோரின் கண்ணைப் பார்த்தேன். அதே வெயில், அதே சுவர், அவர் கண் வெள்ளையாக இருந்தது. பிறகு உங்கள் கண்ணைப் பார்த்தேன். ஓய்ஜமோலைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசாமல் இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நேற்று போட்டோவோடு மறுபடியும் கோனிபோதோம் போனேன். டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், உடனே பார்க்க வேண்டும் என்றார். கொழுப்பு கூடாது, மது கூடாது, பாரம் தூக்கக் கூடாது, படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்றார். நேரத்தோடு கவனித்தால் எழுந்து நடமாடுகிறவர்கள் நிறையப் பேர் என்றும் சொன்னார், அதையும் எழுதுகிறேன். படம் எடுத்து எத்தனை நாள் என்று கேட்டார். ஆறு வாரம் என்றேன். அவர் போட்டோவை இன்னொரு தடவை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஜாடியைத் தொடாதீர்கள். ஸத்தோரிடம் கொடுத்துவிடுங்கள். நான் என் கையாலேயே உங்களுக்கு விஷம் கொடுத்தனுப்பியிருக்கிறேனோ.

தங்குவதற்குச் சரியான காகிதம் இல்லாமல் அங்கே மருத்துவமனைக்குப் போகப் பயப்படுவீர்கள். சுவர் பூச்சு முடியட்டும், மாதக் கடைசியில் பார்க்கலாம் என்பீர்கள். உங்கள் அண்ணனும் அறுவடை முடியட்டும் என்றுதான் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதத்தை ஷரீஃப்பிடம் கொடுக்கவில்லை. இதைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிற்கிற பையன்தான் நூரிதீன், ஹம்ரோபீபீயின் மகன், உங்கள் மாப்பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும் ஹம்ரோபீபீதான், "சம்பந்தி வராம என் வீட்டுல மேளம் அடிக்காது," என்று சொல்லி அவனை ரயிலேற்றுகிறாள். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. இப்படியா முதல் தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கும் வருத்தம்தான்.

பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தூக்காமல் வளர்ந்த பிள்ளை அவன். மாமனார் முன்னால் இன்னும் அதிகமாகவே குனிவான். நான்தான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். சலாம் சொல்லி முடித்ததும் நிமிர்ந்து, அவரைப் பகல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கண்ணை நேராகப் பார் என்று சொன்னேன். மரியாதை தெரியாதவன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயில் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

முனீரா தனிக் கிண்ணத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். அதை மறுபடி வெளியே எடுக்க வேண்டி வந்தாலும் வரட்டும், நான் கழுவுகிறேன், உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே கழுவுகிறேன். வந்து சேருங்கள்.

அந்தப் பையன் பார்க்கட்டும், நில்லுங்கள்.

ஸெபுனிஸோ